கேட்டகோம்ப்: கல்லறையா, எலும்பறையா?

பாரிஸ் சென்று வந்தவர்கள் எழுதும் பயணக் குறிப்புகளில், எலும்புகள் அடுக்கிய நிலத்தடிச் சுரங்கமான கேட்டகோம்ப் என்ற பெயர் தட்டுப்படாமல் இருப்பதில்லை. சிலர் காட்டகோம்ஸ் என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு ஒலிப்பை அறிந்தவர்கள் காத்தகோம்ப் என்கிறார்கள். எழுத்துப்பெயர்ப்பில் உள்ள இந்தக் குழப்பம் பெரிதல்ல. இதைத் தமிழாக்க முற்படுபவர்களின் கை உடனே ‘பாதாளக் கல்லறை’ என்று எழுதிவிடுகிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. ரோமில் உள்ளதற்கு அந்தப் பெயர் ஓரளவு பொருந்தும். பாரிஸில் உள்ளதற்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி நின்றாலும் ஒரே வகையான இடங்கள் அல்ல.

சொல்லின் பிறப்பிலிருந்து வருவோம். கேட்டகோம்ப் என்பது முதலில் பொதுப்பெயரே அல்ல, ஓர் இடத்தின் பெயர். ரோம் நகரிலிருந்து தெற்கே செல்லும் ஆப்பியன் பெருவழியில் இன்று புனித செபஸ்தியார் பேராலயம் நிற்கும் வட்டாரம் அது. கட்டுமான வேலைக்கு எரிமலை மண் தோண்டியெடுத்ததால் அங்கே நிலம் பள்ளமாகக் கிடந்தது. ‘ஆட் கட்டகும்பாஸ்’ என்று அந்த இடத்தை லத்தீனில் குறித்தார்கள். ‘பள்ளங்களை அடுத்து’ என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து இது வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். படுத்தல் என்ற பொருளுடைய லத்தீன் வினையோடு இதை இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. முதல் விளக்கமே எனக்கு இயல்பாகப் படுகிறது. பள்ளத்தூர் என்று நாம் ஊருக்குப் பெயர் வைப்பது போன்றதுதானே இது.

அந்த ஓர் இடத்தின் பெயர் எல்லா இடங்களுக்கும் எப்படிப் பரவியது? ரோமைச் சுற்றி இத்தகைய நிலத்தடிக் கல்லறைகள் பல இருந்தன. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் புனிதர்களின் எலும்புகளை நகருக்குள் இருந்த ஆலயங்களுக்கு எடுத்துச் சென்ற பிறகு, பெரும்பாலான சுரங்கங்களுக்குச் செல்ல யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. வாயில்கள் தூர்ந்தன, நினைவும் தூர்ந்தது. பேதுரு, பவுல் இருவரின் நினைவைப் போற்றிய செபஸ்தியார் ஆலயத்துக்கு மட்டும் யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1578இல் சலாரியா பெருவழியை ஒட்டி மண் சரிந்து ஒரு பழைய சுரங்கம் வெளிப்பட்டு, ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கியபோது, எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்த ஒரே பெயரை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டார்கள்.

தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தங்கள் அடக்கத்தலங்களைக் குறித்த சொல் வேறு: ‘உறங்கும் இடம்’ என்று பொருள்தரும் கிரேக்கச் சொல். அதன் லத்தீன் வடிவம் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம்மவர்கள் பேச்சில் சிமெட்ரி என்று புழங்குவது அதுதான்.

ரோமின் கல்லறைகள் நிலத்தடிக்குப் போனதற்குச் சட்டமும் நிலமும் காரணம். நகர எல்லைக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது பன்னிரு பலகைச் சட்டம் எனப்படும் பழைய ரோமானியச் சட்டம். எனவே கல்லறைகள் நகருக்கு வெளியே, பெருவழிகளின் இருமருங்கிலும் அமைந்தன. அங்கே நிலத்தின் விலை அதிகம். ஆனால் அடியில் இருந்ததோ எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறை. வெட்டும்போது மண்வெட்டிக்கு இசைந்து கொடுக்கும், காற்றுப் பட்டதும் கெட்டிப்படும். இறந்தவர்களை எரிக்காமல் புதைக்க விரும்பிய கிறிஸ்தவர்களும் யூதர்களும் இந்தப் பாறைக்குள் இறங்கினார்கள். தோண்டுவதற்கென்றே தனித் தொழிலாளர் கூட்டம் இருந்தது. ஒரு தளம் நிறைந்ததும் அதற்குக் கீழே இன்னொன்றை வெட்டினார்கள். ஆகவே மேல்தளமே பழையது, கீழே போகப் போகப் புதியது.

குறுகலான நடையின் இருபுறச் சுவரிலும், கப்பலின் படுக்கைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக நீள்சதுர மாடங்கள். ஒவ்வொன்றிலும் துணி சுற்றிய ஓர் உடல். முன்புறத்தைச் சுட்ட ஓடு கொண்டோ பளிங்குப் பலகை கொண்டோ அடைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசிவிடுவார்கள். பலகையில் பெயரைப் பொறிப்பார்கள். வசதியில்லாதவர்கள் ஈரச் சாந்தில் ஒரு நாணயத்தையோ சிறு கண்ணாடித் துண்டையோ அழுத்திப் பதித்து அடையாளம் வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் மகன் தன் தாயின் மாடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் இடம், ஓர் அடையாளம்: கல்லறை என்ற சொல் கேட்கும் எல்லாமே இங்கே இருக்கிறது. கல்லில் வெட்டிய அறை என்று சொல்லைப் பிரித்துப் பார்த்தாலும் சரியாக வருகிறது. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் இவற்றுள் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்ற கதையை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ரோமானிய அதிகாரிகள் அறிந்திருந்த இடங்கள்தாம் இவை. இத்தனை இருளிலும் ஈரத்திலும் நெடுநாள் வாழவும் முடியாது.

இன்று கலிஸ்து, செபஸ்தியார், தொமித்தில்லா, பிரிசில்லா, ஆக்னஸ் ஆகியோர் பெயரிலானவை உள்ளிட்ட சில சுரங்கங்களை மட்டும் சுற்றுலாப் பயணிகள் காணலாம். வழிகாட்டியுடன் மட்டுமே இறங்க முடியும், படம் எடுக்க அனுமதி இல்லை. எலும்புகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். கண்ணில் படுபவை பெரும்பாலும் வெறும் மாடங்களும் மங்கிய சுவரோவியங்களும்தான்.

பாரிஸின் கதை கல்லறையில் தொடங்கவில்லை, கல்லில் தொடங்குகிறது. நோத்ர தாம் உள்ளிட்ட பழைய கட்டடங்களுக்கான சுண்ணாம்புக்கல்லை இன்றைய நகரத்தின் அடியிலிருந்தே வெட்டியெடுத்தார்கள். நகரம் விரிந்து அந்தக் குடைவுகளின் மேல் ஏறியபோது தெருக்கள் உள்வாங்கத் தொடங்கின. 1774இல் ஒரு பெரும் சரிவு நேர்ந்தது. 1777இல் பதினாறாம் லூயி மன்னர் கற்சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனித் துறை அமைத்தார். கட்டடக் கலைஞர் கியோமோ அதற்குப் பொறுப்பேற்று, தெருக்களுக்கு அடியில் தூண்களும் சுவர்களும் எழுப்பினார்.

அதே காலத்தில் நகரின் நடுவே வேறொரு தொல்லை முற்றிக்கொண்டிருந்தது. விவிலியத்தில் ஏரோது மன்னன் கொல்வித்த மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் அமைந்த இன்னொசான் கல்லறைத் தோட்டத்தில் பல நூற்றாண்டுகளாகப் பிணத்தின் மேல் பிணமாகப் புதைத்து, நிலமட்டமே தெருவைவிட உயர்ந்துவிட்டது. 1780இல் பக்கத்து வீட்டின் நிலவறைச் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து, புதைகுழி உள்ளே சரிந்தது. அந்த ஆண்டே அங்கே அடக்கம் செய்வது நின்றது. தோண்டியெடுத்த எலும்புகளைக் கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில் சேர்ப்பதென்று முடிவாயிற்று. 1786 ஏப்ரல் 7ஆம் நாள் அந்தச் சுரங்கத்தை மந்திரித்துப் புனிதப்படுத்தினார்கள். இரவு நேரத்தில் கறுப்புத் துணி போர்த்திய வண்டிகள் எலும்புகளைச் சுமந்து செல்ல, குருமார்கள் இறந்தோருக்கான செபங்களைப் பாடிக்கொண்டே உடன் சென்றார்கள். பிறகு நகரின் மற்றப் பழைய கல்லறைத் தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டன. ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் எலும்புகள் அங்கே இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். புரட்சிக் காலத்துக் கலவரங்களில் இறந்த சிலரைத் தவிர, யாரையும் அங்கே நேரடியாக அடக்கம் செய்யவில்லை.

அதன் அதிகாரப்பூர்வப் பெயரும் நகராட்சி எலும்புக் கிடங்கு என்பதுதான். ரோமின் சுரங்கங்கள் ஐரோப்பியரின் மனத்தை ஈர்த்திருந்த காலம் அது; அந்த ஈர்ப்பில் காத்தகோம்ப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தான்பேர் ரோஷ்ரோ சதுக்கத்தில் நுழைவாயில். 131 படிகள் இறங்கினால் தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் ஆழம். கோடையானாலும் குளிர்காலமானாலும் வெப்பநிலை 14 பாகை அளவிலேயே இருக்கும், ஆகவே ஒரு மேலாடை வேண்டும். கல் நடையில் நெடுந்தூரம் நடந்த பிறகே எலும்பறையின் வாயில் வருகிறது. ‘நில்! இது மரணத்தின் பேரரசு’ என்று அதன் மேல் பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். உள்ளே இருபுறமும் எலும்பால் எழுப்பிய சுவர். தொடை எலும்புகளையும் முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்புகளையும் விறகு அடுக்குவதைப் போல நீளவாட்டில் உள்ளே செருகி, மூட்டு முனைகள் மட்டும் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். இடையிடையே மண்டையோடுகளின் வரிசை. சில இடங்களில் சிலுவை வடிவம். இந்த ஒழுங்கு 1810ஆம் ஆண்டை ஒட்டி எரிக்கார் தெ துய்ரி என்ற சுரங்கப் பொறியாளர் செய்வித்தது. அதற்கு முன் எல்லாம் குவியலாகக் கிடந்தன. இன்றும் முகப்புச் சுவருக்குப் பின்னால் இருப்பது உடைந்த எலும்புகளின் குவியல்தான். ஆங்காங்கே கற்பலகைகள் உண்டு. எந்தக் கல்லறைத் தோட்டத்து எலும்புகள், எந்த ஆண்டில் வந்தன என்று அவற்றுள் பல சொல்கின்றன. அடுக்கிய எலும்புகள் யாருடையவை என்று சொல்லும் பெயர்கள் இல்லை. பிரபுவும் பிச்சைக்காரரும் ஒரே அடுக்கில் இருக்கிறார்கள், யார் யாரென்று பிரிக்கவே முடியாது. இப்படிப்பட்ட இடத்தைக் கல்லறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உக்ரைனின் ஒடெசா நகரத்துக்கு அடியிலும் கேட்டகோம்ப் என்ற பெயரில் மிகப் பெரிய சுரங்கப் பின்னல் உண்டு. அது நகரைக் கட்டக் கல் வெட்டிய சுரங்கம், இறந்தவர்களுக்காக வெட்டியதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடியவர்கள் அதில் மறைந்திருந்தார்கள். அதற்கும் ‘பாதாளக் கல்லறை’ என்று எழுதினால் படிப்பவரைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்வதாகும்.

இனித் தமிழுக்கு வருவோம். பாதாளம் என்ற சொல்லில் கீழுலகமும் நாகலோகமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பேய்க்கதைக்கு அது பொருந்தலாம், மனிதர்கள் கணக்குப் போட்டு வெட்டிய சுரங்கத்துக்கு வேண்டாம். இலங்கைக் கத்தோலிக்கத் தமிழர் வழங்கும் சேமக்காலை அருமையான சொல், ஆனால் அது நிலத்தின் மேல் உள்ள கல்லறைத் தோட்டத்தைக் குறித்து நிலைத்துவிட்டது. முதுமக்கள் தாழி முற்றிலும் வேறு வழக்கம். மணிமேகலையில் புகார் நகரத்துச் சுடுகாட்டைச் சொல்லும் இடத்தில் ‘தாழ்வயின் அடைப்போர்’ என்று ஒரு தொடர் வருகிறது. சுடுவோர், இடுவோர், குழியில் கிடத்துவோர், தாழியில் கவிப்போர் ஆகியோரோடு சேர்த்து, தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர்களையும் காப்பியம் எண்ணுகிறது. ரோமின் மாடங்களுக்கு இதைவிட நெருங்கிய பழந்தமிழ்த் தொடர் எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து ‘தாழறை’ என்று ஒரு சொல்லை ஆக்கலாம்தான். ஆனால் தாழ்ப்பாளை நினைக்கிற வாசகரே அதிகம் இருப்பார்.

சுரங்கம் என்ற சொல் இருக்கிறது. கனிமம் எடுப்பதற்கும் வழி அமைப்பதற்கும் பொதுவாக அதை வழங்குகிறோம். அதன் பழைய வடிவமான சுருங்கை சிலப்பதிகாரத்து மதுரையில் ‘சுருங்கை வீதி’ என்று வருகிறது. குழல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்து தமிழில் ஊன்றியது அது என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். ரோமில் உள்ளவற்றைச் சுரங்கக் கல்லறைகள் என்போம்; நேப்பிள்ஸில் உள்ளவற்றுக்கும் அதுவே பொருந்தும்.

பாரிஸுக்கு எலும்பு நிலவறை. எலும்புக்கூடம் என்று எழுதினால் எலும்புக்கூடு என்று கண் படித்துவிடும். என்பறை என்று பழஞ்சொல்லைக் கொண்டுவந்தால் குறள் படித்தவருக்கு மட்டும் விளங்கும். நிலவறை நம் வீடுகளிலும் கோயில்களிலும் பொருளைப் பத்திரப்படுத்திய இடம் என்பதால், ஓரிடத்திலிருந்து எடுத்து வந்து சேர்த்து வைத்தது என்ற பொருளும் தானாகக் கிடைக்கிறது. ஒடெசாவுக்குக் கற்சுரங்கம் போதும். பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் முறை மட்டும் ‘காத்தகோம்ப் எனப்படும் பாரிஸ் எலும்பு நிலவறை’ என்று எழுதிவிட்டு, பிறகு நிலவறை என்று மட்டும் தொடரலாம். டிக்கெட்டை இணையத்தில் எடுக்கும்போது தேட வேண்டிய பெயர் காத்தகோம்ப்தான் என்பதால், அந்த ஒருமுறையாவது அது கட்டுரையில் இருக்க வேண்டும்.