வேளாண் கழிவும் கடல் கழிவும் தொழிலாகும்போது: எந்த மானியத்துக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும்?

இறால் உரிக்கும் கூடத்தில் காலையில் குவியும் தலையும் ஓடும் ஐஸ் போடாவிட்டால் மாலைக்குள் நாறத் தொடங்கிவிடும். தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்புத் தூள், ஆலைக்குப் பின்புறம் மலைபோல் கிடந்து, மழையில் ஊறிய நீரைக் கிணறுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவுப்பால் வடித்தபின் மிஞ்சும் திப்பி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இவற்றில் ஏதேனும் ஒன்றை விற்கத்தக்க பொருளாக மாற்றத் தொழில் தொடங்க விரும்பும் ஒருவர், "கழிவிலிருந்து பொருள் செய்ய அரசு மானியம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைப் பார்க்கிறோம். கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. ஒன்றிய அரசின் பெரும்பாலான தொழில் மானியங்கள், மூலப்பொருள் கழிவா இல்லையா என்று பார்ப்பதில்லை. அதிலிருந்து என்ன பொருள் வெளிவருகிறது என்பதையே பார்க்கின்றன.

இறால் ஓட்டையே எடுத்துக்கொள்வோம். தலையைச் சுத்தமாக உலர்த்தி அரைத்து உணவில் சுவை சேர்க்கும் பொடியாக விற்றால் அது உணவுப் பதப்படுத்தல். அதே ஓட்டிலிருந்து கைட்டின் என்ற இயற்கை இழைப்பொருளைப் பிரித்து, அதைக் கைட்டோசானாக மாற்றி, தண்ணீர் சுத்திகரிப்புக்கோ காயக் கட்டுகளுக்கோ விற்றால் அது உணவல்லாத உற்பத்தித் தொழில். மீனவர் கூட்டுறவு ஒன்று இறாலைப் பதப்படுத்தி மதிப்புக் கூட்டும் கூடம் அமைத்தால் அது மீன்வளத் துறையின் எல்லைக்குள் வரும். குவியல் ஒன்றுதான், ஆனால் மூன்று திட்டங்கள், மூன்று விண்ணப்பங்கள், மூன்று வகையான கணக்குகள். தவறான கதவைத் தட்டியவருக்கு "இது எங்கள் திட்டத்தில் வராது" என்ற பதிலைப் பெறுவதற்குள்ளேயே பல மாதங்கள் ஓடிவிடும்.

உண்ணும் பொருளாக மாறினால்

வெளிவரும் பொருள் உணவாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பி.எம்.எப்.எம்.இ. என்றால்தான் உடனே புரியும். 2020 ஜூன் 29 அன்று தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை ரூ.10,000 கோடி, இலக்கு 2 லட்சம் குறுந்தொழில்கள். செலவை ஒன்றிய அரசும் மாநிலங்களும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களில் இது 90:10. "ஒரு மாவட்டம் ஒரு பொருள்" என்ற அடிப்படையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து முன்னுரிமை தருகிறார்கள். அதன் வரையறையில் மீன்வளப் பொருட்களும் கால்நடைத் தீவனமும் இடம்பெற்றிருக்கின்றன என்பதும், கழிவிலிருந்து உருவாகும் பொருட்களையும் ஆதரிக்கலாம் என்று வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது என்பதும் பலருக்குத் தெரியாத செய்திகள். விண்ணப்பத்தில் இந்த வரியைச் சுட்டிக்காட்டுவது நல்லது.

தனிநபர் தொழிலுக்குத் தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை மானியம் கிடைக்கும். விண்ணப்பதாரர் குறைந்தது 10 சதவீதத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டும். மீதியை வங்கி கடனாகத் தரும். கொப்பரை ஆலைகள் வீணாகக் கொட்டும் தேங்காய்த் தண்ணீரிலிருந்து வினிகர் தயாரிக்கும் ஒரு சிறு கூடத்தின் இயந்திரச் செலவு ரூ.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பங்கு ரூ.80,000, வங்கிக் கடன் ரூ.7,20,000, மானியம் ரூ.2,80,000. ஆனால் இந்த மானியம் விண்ணப்பதாரரின் கைக்கு வராது. அது பின்னேற்பு மானியம். கடன் கொடுத்த வங்கியிலேயே தனிக் கணக்கில் இருக்கும். கடனின் கடைசித் தவணை வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகள் முடிந்தபின், கடன் கணக்கு ஒழுங்காக இருந்து தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அது கடனில் கழிக்கப்படும். "மானியப் பணம் வந்ததும் கடனை அடைத்துவிடலாம்" என்ற நினைப்பில் தவணையைத் தள்ளிப்போடுபவர்கள், மானியத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார்கள்.

எது தகுதியான திட்டச் செலவு என்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நிகழ்கின்றன. நிலத்தின் விலை கணக்கில் வராது. தொழிலுக்குத் தேவையான கட்டுமானச் செலவு தகுதியான திட்டச் செலவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே, பெரிய கட்டடமும் சிறிய இயந்திரமும் என்று திட்டம் போடுபவருக்கு, அவர் எதிர்பார்த்த மானியத்தில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில், அதாவது கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரில், ஒருவருக்கு மட்டுமே உதவி கிடைக்கும்.

மகளிர் சுய உதவிக் குழுவாக உணவுப் பதப்படுத்தலில் ஈடுபட்டிருந்தால், சிறு கருவிகளுக்கும் நடைமுறை மூலதனத்துக்கும் உறுப்பினர் ஒருவருக்கு ரூ.40,000 தொடக்க நிதியாகக் கிடைக்கும். இது சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு வழியாக வந்து சேரும். குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சந்தைப்படுத்தலுக்கும் வணிகப் பெயர் உருவாக்கத்துக்கும் 50 சதவீத உதவி பெறலாம்.

விண்ணப்பம் இணையவழியில்தான். ஆனால் இதற்கென மாவட்டந்தோறும் மாவட்ட வள அலுவலர்களை நியமித்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். திட்ட அறிக்கை தயாரிப்பது, வங்கியில் பேசுவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுவது எல்லாவற்றிலும் உதவுவது அவர்களுடைய வேலை. ஊதியத்தை அரசே தருகிறது. ஆகவே, "மானியம் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று வருபவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டிய அவசியமில்லை.

உண்ணாத பொருளாக மாறினால்

தென்னை நார்க்கழிவான பழுப்புத் தூளிலிருந்து, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கப் பயன்படும் கோகோபீட் கட்டி, வாழை மட்டையிலிருந்து நார், உமியிலிருந்து எரிகட்டி, இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் ஆகிய எல்லாவற்றுக்கும் பொருத்தமானது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி. இது 2008-09 முதல் நடைமுறையில் இருக்கிறது. காதி கிராமத் தொழில் ஆணையம், மாநிலக் காதி வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவை இதை நடத்துகின்றன. கயிறு சார்ந்த தொழில்களுக்குக் கயிறு வாரியமும் விண்ணப்பம் பெறுகிறது. பயிர் சாகுபடிக்கும் தோட்டப் பயிருக்கும் இதில் இடமில்லை. ஆனால் அவற்றின் விளைபொருளை மதிப்புக் கூட்டும் தொழிலுக்கு இடமுண்டு. இந்த வேறுபாடு கழிவை மூலப்பொருளாகக் கொள்பவர்களுக்குச் சாதகமானது.

உற்பத்தித் தொழிலுக்கு அதிகபட்சத் திட்டச் செலவு ரூ.50 லட்சம். பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதமும் ஊரகத்தில் 25 சதவீதமும் மானியம். சொந்தப் பங்கு 10 சதவீதம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் படைவீரர்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு நகரத்தில் 25, ஊரகத்தில் 35 சதவீதம். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். கிராமத்தில் ரூ.20 லட்சம் செலவில் கோகோபீட் கூடம் அமைக்கும் பெண்ணுக்கு மானியம் ரூ.7 லட்சம், சொந்தப் பங்கு ரூ.1 லட்சம். இதே கூடத்தைப் பொதுப் பிரிவைச் சேர்ந்த ஆண் தொடங்கினால் மானியம் ரூ.5 லட்சம், சொந்தப் பங்கு ரூ.2 லட்சம். திட்டச் செலவு ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. இங்கும் மானியம் மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு வங்கி வட்டி தராது, கடனில் அதற்கு ஈடான பகுதிக்கு வட்டி வாங்கவும் கூடாது. இதை வங்கியில் ஒருமுறை நினைவூட்டுவதில் தவறில்லை.

கோகோபீட்டில் பணம் இயந்திரத்தில் மட்டும் இல்லை என்பதைத் திட்ட அறிக்கை எழுதும்போதே உணர வேண்டும். பழுப்புத் தூளில் உப்பு அதிகம். நல்ல தண்ணீரில் பல முறை கழுவி, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனைக் குறைத்து, பிறகு களத்தில் உலர்த்தி, அழுத்தி 5 கிலோ கட்டியாக்க வேண்டும். கழுவாத தூளுக்கும் கழுவிய தூளுக்கும் ஏற்றுமதிச் சந்தையில் விலை வேறு. ஆகவே தண்ணீர், களம், கழுவிய நீரை வெளியேற்றும் ஏற்பாடு ஆகிய மூன்றும் அறிக்கையில் இல்லையென்றால் அந்தக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும். கைட்டோசானுக்கும் இதே நிலைதான். ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டதும் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு நீர்த்த காரத்தில் புரதம் நீங்கும். கடைசியில் செறிந்த காரத்தில் சூடாக்கினால்தான் கைட்டின் கைட்டோசானாகும். ஒவ்வொரு படிக்கும் இடையே கழுவ வேண்டும். இந்தக் கழுவுநீருக்கு வழி சொல்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கிடைக்காது. இசைவு இல்லாத கூடத்துக்கு மானியம் ஒப்புதலாகியும் பயனில்லை. கைட்டோசான் செய்முறையைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், வாழைநார் பற்றித் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும், உணவுப் பொருட்களுக்குத் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் கேட்டறிந்துவிட்டு இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வாங்குவதே முறை.

முக்கியமான தடை ஒன்று உண்டு. மேலே சொன்ன பி.எம்.இ.ஜி.பி. மானியம் புதிய தொழில்களுக்கு மட்டுமே. வேறு அரசு மானியம் ஏற்கெனவே பெற்ற கூடத்துக்கு இது கிடைக்காது. எனவே முதல் விண்ணப்பத்திலேயே எந்தத் திட்டம் கூடுதல் பயன் தரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கடலிலிருந்து வரும்போது

மீன்வளத்துக்கான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா 2020 செப்டம்பர் 10 அன்று தொடங்கப்பட்டது, மதிப்பீடு ரூ.20,050 கோடி. பயனாளி சார்ந்த திட்டங்களில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம். விண்ணப்பிக்க வேண்டியது மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில். கடற்பாசி வளர்ப்பு மிதவை இதில் முக்கியமானது. ராமநாதபுரம் கரையோரத்தில் மூங்கில் மிதவையில் கட்டப்படும் பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. பச்சைப் பாசியைப் பிழிந்தால் பயிர் ஊக்கிச் சாறு கிடைக்கும். சக்கையிலிருந்து, உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனன் எடுக்கலாம். ஒரே பாசியில் இரண்டு வருமானம் என்பதால் இந்தச் சாற்றுக்கு ஆர்வம் கூடிவருகிறது. ஆனால் 2021 பிப்ரவரியில் இத்தகைய பயிர் ஊக்கிகள் 'உயிர் ஊக்கிகள்' என்ற பெயரில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. ஆகவே சாற்றைப் புட்டியில் அடைத்து ஒட்டுச்சீட்டு ஒட்டி நேரடியாக விற்றுவிட முடியாது. உணவுப் பொருளிலும் இதுபோன்ற ஒரு கண்ணி உண்டு: இதுவரை உணவாக உண்ணும் வழக்கமில்லாத தோலையோ விதையையோ உணவில் சேர்ப்பதானால், 2017-ஆம் ஆண்டின் வரையறுக்கப்படாத உணவுகளுக்கான விதிமுறையின்கீழ் முன் ஒப்புதல் பெற வேண்டும்.

வட்டியைக் குறைக்க

மானியம் தவிர வட்டியிலும் ஓர் உதவி இருக்கிறது. வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ், தகுதியான கடனில் ரூ.2 கோடி வரையிலான தொகைக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுகள் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கிறது. பி.எம்.எப்.எம்.இ. மானியத்தோடு இதையும் சேர்த்துப் பெறலாம். இதைத் தானாக யாரும் சொல்வதில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

இத்திட்டங்கள் அனைத்தும் 2025-26 நிதியாண்டு வரையிலான ஒப்புதலின்கீழ் நடந்துவந்தவை என்பதால், விண்ணப்பிப்பதற்கு முன் நடப்பாண்டுக்கான தொடர் ஆணையையும் மானிய விகிதத்தையும் மாவட்டத் தொழில் மையத்திலோ மீன்வளத் துறை அலுவலகத்திலோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆதார், நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு அறிக்கை, இயந்திர விலைப்புள்ளி, இடத்துக்கான பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம், கட்டணமில்லாமல் கிடைக்கும் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு ஆகியவற்றோடு, பட்டியலில் இல்லாத ஒரு தாளையும் எடுத்துச் செல்வது நல்லது: கழிவைத் தரப்போகும் ஆலையோ உரிக்கும் கூடமோ, நாளொன்றுக்கு எத்தனை கிலோ, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுகள் தரும் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். இன்று இலவசமாக அள்ளிக்கொண்டு போகச் சொல்லும் குவியலுக்கு, வாங்க ஆள் வந்துவிட்டது என்று தெரிந்த மறுநாளே விலை பிறந்துவிடும். வங்கி மேலாளர் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.