வட்டிக் கடனை அடைக்கவும் குழுக் கடன் கேட்கலாம்: மகளிர் சுய உதவிக் குழு விதிகளில் உள்ள வழி

மகளிர் சுய உதவிக் குழு மூலம் வங்கிக் கடனுக்குப் போனால், "என்ன தொழில் செய்யப் போறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கறவை மாடு, தையல் மெஷின், இட்லிக் கடை என்று எதையாவது சொல்லிவிட்டு, கைக்கு வந்த பணத்தில் பழைய வட்டிக் கடனை அடைக்கிறவர்கள் ஏராளம். செய்யக்கூடாததைச் செய்துவிட்டோமோ என்ற உறுத்தலும் அவர்களுக்கு இருக்கும்.

அந்த உறுத்தல் தேவையே இல்லை. மத்திய அரசின் திட்டமான தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுக்களுக்குக் கடன் கொடுப்பது பற்றி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தந்திருக்கும் சுற்றறிக்கையில், உறுப்பினர் கடனை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்பத் தேவைகள், வீடு கட்டுவது அல்லது பழுதுபார்ப்பது, கழிப்பறை, தொழில் ஆகியவற்றோடு, அதிக வட்டிக்கு வாங்கிய கடனை அடைத்து மாற்றிக்கொள்வதும் அதில் ஒன்று. ஆகவே பொய் சொல்லாமல், காரணத்தை எழுதியே கேட்கலாம். கடன் தொகை பெரிதாகப் பெரிதாக, அதில் பெரும்பங்கு வருமானம் தரும் தொழிலுக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. முதல் முறை கிடைக்கும் சிறிய கடனை வைத்து வட்டிக்காரரிடமிருந்து விடுபட அது தடையாகாது.

தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுவதும் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று கிராமங்களில் 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து ஒரு குழு அமைக்கலாம். குழுவின் பொறுப்பாளர்களான ஊக்குநர், பிரதிநிதிகள் ஆகியோரின் அடையாள ஆவணங்களை வைத்தே குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடலாம். அதற்காக எல்லா உறுப்பினரின் ஆவணங்களையும் வங்கி கேட்கத் தேவையில்லை.

மேலே போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் பெண்களை உட்கார வைத்து வசூல் செய்யும் தனியார் நுண்கடன் நிறுவனத்தின் கடனையும் ஊரில் "குழு லோன்" என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கூடும் குழு, கடன் வசூலுக்காகக் கூட்டப்பட்டது. உங்கள் சேமிப்பு அதில் இருக்காது. நீங்கள் கட்டும் வட்டி நிறுவனத்துக்குப் போகும். சுய உதவிக் குழுவில் பணம் உங்களுடையது, கணக்குப் புத்தகம் உங்கள் கையில், உறுப்பினர் கட்டும் வட்டியில் வங்கிக்குப் போனது போக மீதி குழுவின் நிதியிலேயே சேரும். இரண்டுக்கும் விதிகள் வேறு. இரண்டிலும் உங்களுக்கு உரிமைகள் உண்டு.

வங்கி எவ்வளவு தரும்?

குறைந்தது 6 மாதம் ஒழுங்காக நடந்த குழுவாக இருக்க வேண்டும். ஒழுங்கு என்றால் ஐந்து விஷயம்: தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, குழுவுக்குள் கடன் கொடுத்து வாங்குவது, தவணை தவறாமல் கட்டுவது, கணக்குப் புத்தகங்களை அன்றன்றைக்கு எழுதுவது. கடைசி விஷயத்தில்தான் நிறைய குழுக்கள் சறுக்குகின்றன. தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் சேமிப்பு, கடன் பேரேடுகளும் சரியாக இருந்தால் வங்கியில் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல 6 மடங்கு அல்லது ஒன்றரை லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. குழு நிதி என்பதில் சேமிப்பு, உள்கடனில் வந்த வட்டி, அரசு தந்த சுழல் நிதி எல்லாம் அடங்கும். 12 பேர் மாதம் 200 ரூபாய் வீதம் ஒரு வருடம் சேமித்தால் 28,800 ரூபாய். அதன் 6 மடங்கு 1,72,800. வெறும் சேமிப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது. திருப்பிக் கட்ட 24 முதல் 36 மாதம் வரை தவணை கிடைக்கும். 3 லட்சம் வரையிலான கடனுக்கு, திட்டத்தின் வட்டி மானியத்தோடு, ஆண்டு வட்டி 7 சதவீதம். 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது. கடனுக்காகக் குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைப்பதும், "இவ்வளவு டெபாசிட் போட்டால்தான் கடன்" என்பதும் விதிக்குப் புறம்பானவை.

இன்னொன்று. ஒரு உறுப்பினரோ அவர் வீட்டுக்காரரோ அந்த வங்கியில் வேறு ஏதோ கடனைப் பாக்கி வைத்திருக்கிறார் என்பதற்காக, ஒழுங்காகக் கட்டிவரும் குழு முழுவதுக்கும் கடன் மறுப்பது சாதாரணமாகக் கூடாது என்கிறது அதே சுற்றறிக்கை. இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அசல் நகராத கடன்

ஒரு கணக்கைப் பார்ப்போம். மருத்துவச் செலவுக்காக 30,000 ரூபாய், நூற்றுக்கு 5 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கியிருக்கிறது ஒரு குடும்பம். மாதம் 1,500 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறார்கள். இரண்டு வருடத்தில் 36,000 ரூபாய் கொடுத்தாயிற்று. அசல் 30,000 அப்படியே நிற்கிறது.

அதே 30,000 ரூபாயைக் குழுவிலிருந்து மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டிக்கு, அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் கணக்கில், 24 மாதத் தவணைக்கு வாங்கினால் மாதம் கட்ட வேண்டியது சுமார் 1,412 ரூபாய். வட்டிக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. 24-வது மாதம் கடனே இல்லை. மொத்த வட்டி 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வருமானம் ஒரு ரூபாய்கூடக் கூடாமல் நடக்கும் மாற்றம் இது. கடனில் தத்தளிக்கும் குடும்பத்தைப் பார்த்து முதலில் "செலவைக் குறை" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. பல வீடுகளில் குறைக்க எதுவும் மிச்சமில்லை. குறைக்க வேண்டியது வட்டியைத்தான்.

தண்டல் கதை கொஞ்சம் வேறு. 8,500 கொடுத்து 100 நாளைக்கு தினம் 100 ரூபாய் வாங்குகிறார்கள் என்றால், வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆனால் நடுவில் போய் அடைத்தாலும் பலர் முழுத் தொகையையும் கேட்பார்கள், வட்டி மிச்சமாகாது. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை முடியவிட்டு, அடுத்த தண்டல் வாங்காமல் இருக்கக் குழுவின் உள்கடனைப் பயன்படுத்துவதே நல்லது.

எதை முதலில் அடைப்பது என்று தெரிய, ஒரு நோட்டில் கோடு போடுங்கள். யாரிடம், அசல் பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் கட்டுவது எவ்வளவு, எந்த மாதம் முடியும். கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாத கடன் எதுவோ, அதுதான் முதல் எதிரி. கணவர் வாங்கியது, கைமாற்று, நகை அடகு, பைக் தவணை எல்லாம் அதில் வர வேண்டும். நிறுவனங்களிடம் யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கந்துவட்டியும் கைமாற்றும் அதில் தெரியாது, அதை வீட்டில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

அந்த நோட்டின் மறுபக்கத்தில் வருடத்தில் ஒரு தடவை வரும் செலவுகளை எழுதுங்கள்: ஜூன் மாதப் பள்ளிச் செலவு, தீபாவளி, கோயில் கொடை, மொய். புதுக் கடன் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது. மொத்தத்தை 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையைக் கட்டாயச் சேமிப்போடு விருப்பச் சேமிப்பாகக் குழுவில் போட்டு வரலாம்.

கூட்டத்தில் இந்த நோட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. வங்கிக் கடனுக்கு முன் குழு ஒரு நுண்கடன் திட்டம் தயாரிக்கும். ஒவ்வொருவரும் தன் தேவை, வருமானம், ஏற்கனவே உள்ள கடன், மாதம் கட்ட முடிந்த தொகை ஆகியவற்றைச் சொல்ல, யாருக்கு முதலில், எவ்வளவு என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்துத் தீர்மானமாக எழுதுகிறார்கள். எல்லார் முன்னாலும் கடனைச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கும். முதலில் ஒருத்தர் வாய் திறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவரும் தன் கணக்கை எடுப்பார். கூட்டத்தில் பேசியது தெருவுக்குப் போகக்கூடாது என்பதையும் தீர்மானமாகவே எழுதி வையுங்கள். கடனை அடைக்கப் போகும் நாளில் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டு, வெற்றுப் பத்திரம், வெற்றுக் காசோலை, அடகு வைத்த ஏடிஎம் கார்டு எல்லாம் கைக்கு வந்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும்.

தனியார் நுண்கடன் இருந்தால்

இதற்கான ரிசர்வ் வங்கி விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன்தான் நுண்கடன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் கொடுக்கக்கூடாது.

மாதம் 18,000 வருமானம் உள்ள வீட்டுக்கு வரம்பு 9,000. இரண்டு நுண்கடன்களுக்கு 2,450, 2,300, பைக்குக்கு 3,100, வட்டிக்காரருக்கு 1,500 என்றால் 9,350 ஆகிவிட்டது. நிறுவனத்தின் கணினிக்கு அந்த 1,500 தெரியாது. அதனால் இன்னொரு கடனையும் நீட்டுவார்கள். பாதி வரை வாங்கலாம் என்று இந்த விதியைப் படிக்காதீர்கள். வாடகை கொடுக்கும் வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கே பாரம்.

முன்கூட்டியே அடைத்தால் நுண்கடனுக்கு அபராதம் கிடையாது. தவணை தாமதமானால் தாமதக் கட்டணம் பாக்கி விழுந்த தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கும் போடக்கூடாது. உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். கட்டண விவரத் தாளில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் வாங்கக்கூடாது. காப்பீடு போன்ற கூடுதல் விஷயங்கள் உங்கள் முழுச் சம்மதத்தோடுதான்.

வசூலுக்கு, இருவரும் பேசி முடிவு செய்த பொது இடம் இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஊழியர் வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது. திட்டுவது, மிரட்டுவது, உறவினரையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்வது, பெயரை வெளியிடுவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. இரவு 8 மணிக்கு வாசலில் உட்கார்ந்துகொண்டு "பணம் வராமல் எழுந்திருக்க மாட்டேன்" என்பது விதிமீறல். தேதி, நேரம், வந்தவர் பெயர், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் கடன் அட்டையின் பின்புறமே எழுதி வையுங்கள். கட்ட முடியாத நிலை வந்தால் ஒளிய வேண்டாம். சிரமத்தில் உள்ளவர்களை அடையாளம் கண்டு, என்ன வழி இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாடு நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். தவணையை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

புகார் முதலில் நிறுவனத்துக்கு, எழுத்தில். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448. தனியார் வட்டிக்காரர் என்றால் தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது: 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள்.

குழுவே இல்லாதவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ, வட்டாரத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தையோ பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் பாதியில் நின்றுபோன பழைய குழு இருந்தால் அதையே எழுப்பலாம். கூட்டமும் சேமிப்பும் மறுபடி தொடங்கி 3 மாதம் ஒழுங்காக நடந்தால், அந்தக் குழுவும் வங்கிக் கடனுக்குத் தகுதி பெறும்.