கஞ்சா: ஒரு சொல்லும் அதன் எல்லையும்

பேச்சு வழக்கில் கஞ்சா என்றால் செடியும் அதுதான், புகைக்கும் பொருளும் அதுதான், அந்தப் பழக்கமும் அதுதான். சட்டத்தில் அதன் பொருள் இவ்வளவு விரிவானதன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளை மட்டுமே கஞ்சா என்கிறது. அந்நுனிகளோடு சேராத இலையையும் விதையையும் விலக்கிவிட்டு, அந்த நுனிகள் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் அவை கஞ்சாவே என்றும் சொல்கிறது. செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின் சரஸ் எனத் தனியே வரையறுக்கப்பட்டுள்ளது. இலையை அரைத்துச் செய்யும் பாங் இந்த வரையறைக்குள் வரவில்லை. அதை விற்பதா தடுப்பதா என்பதை மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்கள் முடிவு செய்கின்றன. வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற பாங் கடை வெளிப்படையாக இயங்குவதும், அதே ஊரில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டவர் சிறைக்குப் போவதும் இதனால்தான்.

சொல்லின் மூலம் வடமொழியின் ‘கஞ்ஜா’. வடநாட்டு மொழிகளில் முதல் எழுத்தை அழுத்தி, ஒலிப்புடன் உச்சரிப்பார்கள். தமிழில் அது வல்லின ககரமாகவே ஒலிக்கிறது. ஞகரமும் சகரமும் இணைவது தமிழுக்கு இயல்பு என்பதால், கிரந்த எழுத்தின் துணையின்றி இச்சொல் நம் நாவில் ஒட்டிக்கொண்டது. கஞ்சிக்கும் இதற்கும் உறவில்லை. வேலியோரம் வளரும் கஞ்சாங்கோரையும் பெயரளவில்தான் நெருக்கம். அது நாய்த்துளசி, அதில் மயக்கம் ஏதும் கிடையாது. சித்த மருத்துவ மரபு இச்செடியைக் கோரக்கர் மூலி என்றும் சிவமூலி என்றும் அழைக்கிறது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குச் சென்ற இந்தியர்கள் இச்சொல்லையும் உடன் கொண்டுசென்றார்கள். அத்தீவின் அரசு 1913இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தின் பெயரே கஞ்சாச் சட்டம் என்பதுதான். அதே தீவு 2015இல் சட்டத்தைத் திருத்தி, 2 அவுன்சு வரை வைத்திருப்பதைக் கைதுக்குரிய குற்றமாகக் கொள்ளாமல் சிறு அபராதத்தோடு முடித்துக்கொண்டது.

இனி, பூவுக்கும் இலைக்கும் நடுவே இந்தக் கோடு எப்படி விழுந்தது என்று பார்க்கலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்து 1893இல் இந்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. மேக்வொர்த் யங் தலைமையில் நால்வர் ஆங்கிலேயரும் மூவர் இந்தியருமாக அமைந்த அக்குழு, 1,193 சாட்சிகளை விசாரித்து, கஞ்சா, சரஸ், பாங் மூன்றையும் தனித்தனியாக ஆராய்ந்தது. அளவோடு பயன்படுத்துவதால் குறிப்பிடத்தக்க தீங்கில்லை, தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது 1894இல் அது கண்ட முடிவு. அதில் வரி வருவாயின் மீதான அக்கறையும் கலந்திருந்தது என்று நான் ஐயுறுகிறேன். ஆயினும் இவ்வளவு பேரைக் கேட்டறிந்து எழுதப்பட்ட அரசு அறிக்கை அந்நாளில் இத்துறையில் வேறொன்றில்லை. போதைப்பொருள்கள் பற்றிய 1961இன் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கையின் வரையறையிலும் இலை இடம்பெறவில்லை. மருத்துவம் சாராத பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை கெடு விதித்தது. அது 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால் கெடு 1989இல் முடியவிருந்தது. அதற்கு 4 ஆண்டுகள் முன்னதாகவே 1985இன் சட்டம் வந்துவிட்டது.

சட்டத்தில் உள்ள ‘சேராத’ என்ற ஒற்றைச் சொல்லின் எடை நீதிமன்றத்தில்தான் தெரியும். ஒருவரிடம் 22 கிலோ சாக்கு பிடிபடுகிறது என்று கொள்வோம். 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை, பிணை கிடைப்பதும் அரிது. அதற்குக் குறைந்தால் அதிகபட்சமே 10 ஆண்டு. 1 கிலோவுக்குக் குறைந்தால் அதிகபட்சம் ஓராண்டு. சாக்கைத் திறந்து பார்த்தால் காய்ந்த பூநுனியோடு தண்டும், உதிர்ந்த இலையும், விதையும் கலந்து கிடக்கும். காவல்துறை எல்லாவற்றையும் சேர்த்தே எடை போடும். தண்டையும் தனி இலையையும் கழித்தால் 19 கிலோதான் தேறும் என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். பிரிக்காமல் எடை போட்டதைச் சுட்டிக்காட்டிச் சில உயர்நீதிமன்றங்கள் பிணை வழங்கியதும் உண்டு. இலை பூவோடு ஒட்டியிருந்ததா, உதிர்ந்து கிடந்ததா என்ற கேள்வியில் ஒரு மனிதரின் பத்தாண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது.

பயன்படுத்துவோரின் எண்ணிக்கையிலும் அதே கோடு தெரிகிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் சுமார் 2.2 கோடிப் பேர் பாங்கையும் 1.3 கோடிப் பேர் கஞ்சாவையோ சரஸையோ பயன்படுத்தியிருந்தனர். பின்னவருக்கு மட்டுமே இச்சட்டம் பொருந்தும். புகைத்ததற்காக மட்டும் 6 மாதம் வரை சிறை உண்டு. ஆனால் போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முடித்தால், பயன்படுத்திய குற்றத்திலிருந்தும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலிருந்தும் 64ஏ பிரிவு அவரை விடுவிக்கிறது. காவல் நிலையத்தில் இப்பிரிவு எத்தனை பேர் காதில் விழுகிறது என்பது வேறு கதை.

சரி, ஆங்கிலத்தின் ‘கேன்னபிஸ்’, ‘ஹெம்ப்’ இரண்டுக்கும் தமிழில் எதை எழுதுவது? ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவையாகக் கருதப்படும் அவ்விரண்டும் ஆங்கிலத்தில் தனித்தனிப் பொருள் பெற்றுவிட்டன: முன்னது செடிக்கும் போதைப்பொருளுக்கும், பின்னது பெரும்பாலும் நாருக்கும் விதைக்கும். ஹெம்ப் என்பதைச் சணல் என மொழிபெயர்ப்பது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்ட பிழை. நமக்குச் சணல் என்றால் சாக்கு தைக்கும் நார்ச்செடி. சணப்பு என்றால் வயலில் மடக்கி உழும் பசுந்தாள் உரம். இரண்டும் வேறு குடும்பத்துச் செடிகள். செடியைக் கஞ்சாச்செடி என்றும், சட்டம் குறிக்கும் பொருளைக் கஞ்சா என்றும், நாருக்காக வளர்ப்பதை நார்க்கஞ்சா என்றும் எழுதினால் குழப்பம் தீரும். 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இச்செடியின் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக ஏற்றுக்கொண்டது. அதற்கு நேர்த்தமிழ் கஞ்சா விதை என்பதே. அப்படி அச்சிட்ட உறையை அடுக்கில் வைக்க எந்தக் கடைக்காரருக்கும் துணிவு வராது என்பதால் ‘ஹெம்ப் விதை’ என்றே அது விற்பனையாகிறது.