டூர்ன் உண்ட் டாக்சிஸ்: ஒரு குடிப்பெயரின் இரு பாதிகள்

டாக்சி என்ற சொல் ஒரு ஜெர்மன் பிரபுக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்று அவ்வப்போது ஒரு கதை கிளம்பும். 'டூர்ன் உண்ட் டாக்சிஸ்' என்பது அந்தக் குடும்பம். ஐரோப்பா முழுவதும் குதிரையும் வண்டியும் ஓட்டிப் பணம் சேர்த்தவர்கள் என்பதால் கதையை நம்பவும் தோன்றும். ஆனால் தொடர்பு ஏதும் இல்லை. வாடகைக் காரைக் குறிக்கும் டாக்சி, கட்டணம் என்று பொருள்படும் இடைக்கால இலத்தீன் சொல்லான 'டாக்சா'வின் வழி வந்தது. கட்டணத்தை அளக்கும் கருவி ஜெர்மனில் 'டாக்சாமீட்டர்' என்றும் பிரெஞ்சில் 'டாக்சிமீட்டர்' என்றும் ஆகி, பிறகு வால் அறுந்து டாக்சி என்று நின்றது. குடும்பப் பெயரில் உள்ள டாக்சிஸோ ஒரு விலங்கு.

வட இத்தாலியில் பெர்கமோ நகருக்கு வடக்கே, பிரெம்பானா பள்ளத்தாக்கில் கோர்னெல்லோ என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு முதல் அங்கே 'தாஸ்ஸோ' குடும்பத்தார் வாழ்ந்தார்கள். மிலான், வெனிஸ், ரோம் நகரங்களுக்கிடையே கடிதம் சுமப்பது அவர்களது தொழில். இத்தாலிய மொழியில் தாஸ்ஸோ என்றால் தரையில் வளை தோண்டி வாழும், கறுப்பு வெள்ளைக் கோடிட்ட முகமுடைய சிறு விலங்கு. தமிழில் அதை வளைக்கரடி என்கிறார்கள், கரடி இனத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும். குடும்பச் சின்னத்தின் நடுவில் நீலப் பின்னணியில் இன்றும் அந்த வளைக்கரடிதான் நிற்கிறது. கவிஞர் தொர்குவாத்தோ தாஸ்ஸோவும் இதே குடியின் இன்னொரு கிளையில் வந்தவர். தாஸ்ஸோ என்ற பெயர் ஸ்பானியர் வாயில் தாஸிஸ் என்றும், ஜெர்மானியர் வாயில் டாக்சிஸ் என்றும் ஆனது. ஆக, பெயரின் பின்பாதியில் புதிர் எதுவும் இல்லை.

குடும்பத்தை உலகறியச் செய்தவர் பிரான்செஸ்கோ தாஸ்ஸோ, ஜெர்மனில் ஃபிரான்ஸ் ஃபான் டாக்சிஸ் (1459–1517). ஹாப்ஸ்பர்க் அரசர் முதலாம் மாக்சிமிலியனுக்கு ஆல்ப்ஸ் மலையடி இன்ஸ்ப்ரூக்கையும் நெதர்லாந்துப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் ஆள வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடையே செய்தி ஓடினால்தான் ஆட்சியும் ஓடும். 1490இல் அந்தப் பணி தாஸ்ஸோ குடும்பத்திடம் வந்தது. 1505ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் படித்தால் இன்றைய கூரியர் நிறுவனங்களே சற்றுக் கூசும்: பிரஸ்ஸல்ஸிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்குக் கோடையில் ஐந்தரை நாள், குளிர்காலத்தில் ஆறரை நாள், தென் ஸ்பெயினின் கிரனாடாவுக்குக் கோடையில் 15 நாள். பருவத்துக்கு ஏற்ற கெடுவை எழுத்தில் கொடுத்தார்கள்.

இந்த வேகம் ஒரே குதிரையால் வந்ததல்ல. வழி நெடுக நிலையங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் புதுக் குதிரையும் புது ஆளும் காத்திருக்க, பை மட்டும் கைமாறிக்கொண்டே போகும். 'வைக்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் 'போசிதா'விலிருந்து வந்த இத்தாலியச் சொல்லான 'போஸ்தா' அந்த நிலையத்தைத்தான் குறித்தது. நாம் சொல்லும் போஸ்ட் அதன் பேரன். இதற்குத் தமிழில் நிகர்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. அஞ்சல் என்ற சொல்லில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்வது என்ற கருத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. இலங்கைப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டியில் கோலைக் கைமாற்றி ஓடுவதற்கு அஞ்சலோட்டம் என்றே பெயர். திருவிதாங்கூர் அரசு நடத்திய தபாலுக்கும் 'அஞ்சல்' என்பதே பெயராக இருந்தது. டாக்சிஸ் குடும்பம் செய்த தொழிலைத் தபால் என்று எழுதினாலும் பிழையில்லை. அஞ்சல் என்று எழுதினால் அதன் இயக்கமும் சேர்ந்து புரியும்.

ஃபிரான்ஸுக்குப் பின் அவருடைய அண்ணன் மகன் யோஹான் பாப்டிஸ்டா பொறுப்பேற்றார். 1595இல் லியோன்ஹார்ட், ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் அஞ்சல் தலைவர் ஆனார். 1615இல் பேரரசர் மத்தியாஸ் அந்தப் பதவியை லமோராலுக்குப் பரம்பரை உரிமையாகவே எழுதிக்கொடுத்தார். இந்தியத் தமிழில் இப்பதவியைப் 'பரம்பரை அஞ்சல் துறைத் தலைவர்' எனலாம். இலங்கை வழக்கில் 'பரம்பரைத் தபால் மா அதிபர்' என்றால் இன்னும் கம்பீரமாக ஒலிக்கிறது. இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவர் அலெக்சாண்டிரின். கணவர் இரண்டாம் லியோன்ஹார்ட் 1628இல் இறந்தபோது முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. மகன் சிறுவன். படைகள் குறுக்கும் நெடுக்கும் போன ஐரோப்பாவில் 1646 வரை அஞ்சலை நடத்தியவர் அவர்தான். கடிதங்களை இரகசியமாகப் பிரித்துப் படித்து ஹாப்ஸ்பர்க் அரசவைக்குச் செய்தி சொன்ன வேலையும் இக்குடும்பத்தின் வரலாற்றில் உண்டு என்பதை விட்டுவிடக் கூடாது. அரசர்கள் இவர்களை இறுகப் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம் வந்தது, பதவி வந்தது, 1624இல் கோமகன் பட்டமும் வந்தது. ஆனால் கடிதம் சுமந்த மலைக் கிராமத்துக் குடி என்ற பூர்வீகம் பிரஸ்ஸல்ஸ் சபைகளில் உறுத்தியது. எனவே வம்சாவளி எழுதுவோரை அமர்த்தினார்கள். 1311 வரை மிலானில் செல்வாக்கோடு இருந்து பிறகு விரட்டப்பட்ட 'தெல்லா தோர்ரே' குடியின் ஒரு கிளை மலைக்கு ஓடிவந்து தாஸ்ஸோ ஆயிற்று என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். தோர்ரே என்றால் கோபுரம். அதன் பழைய ஜெர்மன் வடிவம் டூர்ன். அலெக்சாண்டிரினின் மகன் காலத்தில், 1650இல், ஸ்பெயின் அரசரும் பேரரசரும் இசைவு தர, குடிப்பெயர் 'டூர்ன் உண்ட் டாக்சிஸ்' ஆனது. 'உண்ட்' என்பது வெறும் 'உம்'. கோபுரமும் வளைக்கரடியும். கரடி உண்மை, கோபுரத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஏறிவந்த குடிகள் சூரியனிடமிருந்தோ சந்திரனிடமிருந்தோ வம்சம் தொடங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இராது. இவர்கள் மிலானோடு நிறுத்திக்கொண்டது அடக்கம்தான்.

புதுப் பெயர் பலன் தந்தது. 1695இல் பேரரசர் முதலாம் லியோபோல்ட் இவர்களை 'ஃபுயர்ஸ்ட்' நிலைக்கு உயர்த்தினார். இங்கேதான் தமிழில் எழுதுவோர் தடுக்கி விழுகிறார்கள். ஃபுயர்ஸ்ட் என்பதற்கு இளவரசர் என்று எழுதிவிடுகிறோம். இளவரசர் அரசரின் மகன், பட்டத்துக்குக் காத்திருப்பவர். ஃபுயர்ஸ்ட் யாருக்கும் மகனாகக் காத்திருப்பவர் அல்லர், தம் குடிக்குத் தாமே தலைவர். சொல்லின் வேர்ப்பொருள் 'முதலில் நிற்பவர்'. முதல்வர் என்பது எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அந்த நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருப்பதால் பயன்படுத்த முடியாது. குறுநில மன்னர் அல்லது சிற்றரசர் என்பதே தகும். இளவரசர் என்பதை 'பிரின்ஸ்' என்ற ஜெர்மன் பட்டத்துக்கு ஒதுக்கிவைக்கலாம்.

'ஃபான்' என்ற ஒட்டுக்கும் இதுபோல ஒரு நல்ல பழந்தமிழ் உறவு உண்டு. ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்து, அவ்வூரின் உடைமையாளர் என்று காட்டுவது அதன் முதல் வேலை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்பதில் வரும் கிழார் இதையேதான் சொல்கிறது. கிழமை என்றால் உரிமை. ஆங்கிலத்தைப் பார்த்து 'டாக்சிஸ் இல்லம்' என்று எழுதுவதையும் கைவிடலாம். குடி என்றோ மரபு என்றோ சொன்னால் போதும்.

1748இல் குடும்பம் ரேகன்ஸ்பர்குக்குக் குடிபெயர்ந்தது, பேரரசின் நிலையான மன்றத்தில் பேரரசரின் பிரதிநிதியாக. 1806இல் பேரரசே கலைந்தபோது அஞ்சலும் போயிருக்க வேண்டும். காப்பாற்றியதில் பெரும் பங்கு கார்ல் அலெக்சாண்டரின் மனைவி தெரேசாவுக்கு. பிரஷ்ய அரசி லூயிசாவின் அக்காவான அவர் நெப்போலியனிடமும் பேசினார், நெப்போலியன் வீழ்ந்தபின் வியன்னா மாநாட்டிலும் பேசினார். 1815இல் ஜெர்மன் கூட்டமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு டாக்சிஸ் அஞ்சலுக்கு உறுதி அளித்தது. பவேரியாவில் இழந்த உரிமைக்கு ஈடாக ரேகன்ஸ்பர்கின் புனித எம்மரம் மடாலயம் 1812இல் கைக்கு வந்தது. குடும்பம் இன்றும் அங்கேதான். 1852 முதல் சொந்தமாக அஞ்சல்தலையும் வெளியிட்டார்கள், வடக்குக்கு ஒரு நாணயம், தெற்குக்கு ஒரு நாணயம் என்று இரு வரிசையாக. 1866 போரில் பிரஷ்யா வென்று ஃபிராங்க்ஃபர்ட்டைப் பிடித்தது. மறு ஆண்டு ஜூலை 1 அன்று 30 இலட்சம் தாலர் ஈட்டுத்தொகைக்கு அஞ்சல் முழுவதும் பிரஷ்ய அரசுக்குப் போயிற்று.

அதன்பின் வந்தவர்கள் நிலமும் காடும் கொண்ட பணக்காரர்கள், அவ்வளவுதான். அவர்களில் ஹெலேனாவைச் சொல்ல வேண்டும். 1853இல் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசப்புக்குப் பெண் பார்த்தபோது மணப்பெண்ணாக அழைத்துச் செல்லப்பட்டவர் அவர். மாப்பிள்ளை தங்கை எலிசபெத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். 1858இல் டாக்சிஸ் வாரிசை மணந்த ஹெலேனா, கணவரை இழந்தபின் குடும்பச் சொத்தைத் திறமையாக நிர்வகித்தார். தற்போதைய தலைவர் ஆல்பர்ட் 1983இல் பிறந்தவர், தந்தை யோஹான்னஸ் 1990இல் கடன்களையும் விட்டு இறந்தபோது ஏழு வயதில் வாரிசானவர். தாய் குளோரியா நகைகளை ஏலத்தில் விற்று நிலைமையைச் சீர்செய்தார். மகன் கார்ப் பந்தய வீரரானார்.

ஆல்பர்ட்டை எப்படிக் குறிப்பிடுவது? 1919ஆம் ஆண்டின் வைமர் அரசியலமைப்பு பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. பட்டங்கள் குடும்பப் பெயரின் பகுதியாக மட்டும் நீடித்தன. ஆகவே சட்டப்படி அவர் இளவரசரும் அல்லர், குறுநில மன்னரும் அல்லர். 'பிரின்ஸ் ஃபான் டூர்ன் உண்ட் டாக்சிஸ்' என்ற நீண்ட குடும்பப் பெயருடைய ஒரு ஜெர்மன் குடிமகன். 1919க்கு முந்தையவர்களுக்குப் பட்டத்தை மொழிபெயர்க்கலாம். பிந்தையவர்களுக்கு அதைப் பெயராகவே ஒலிபெயர்த்து விட்டுவிடலாம்.