நியூ பிரன்ஸ்விக்கில் ஆங்கிலமா, பிரெஞ்சா? நீங்கள்தான் முடிவு செய்யலாம்

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்கு வடக்கே பிரெஞ்சு பேசும் கியூபெக், மேற்கே அமெரிக்காவின் மெய்ன் மாநிலம். மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிரெஞ்சு பேசுகிறவர்கள். கனடாவின் மாகாணங்களில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டையும் ஆட்சிமொழியாக வைத்திருப்பது இது ஒன்றுதான். முதல்வர் லூயி ரோபிஷோ காலத்தில், 1969-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மொன்க்டன் நகராட்சி விதிகள் இரு மொழியிலும் இருக்க வேண்டும் என்று 2001-ல் நீதிமன்றம் சொன்ன பிறகு, 2002-ல் புதிய சட்டமே இயற்றினார்கள்.

மாகாண அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை என எங்கே போனாலும் இந்த இரண்டில் எந்த மொழியில் சேவை வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யலாம். உங்கள் தாய்மொழி எது என்று யாரும் பார்ப்பதில்லை. தமிழ் பேசும் குடும்பத்துக்கும் இதே உரிமைதான்.

இந்தச் சட்டத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, கேட்கும் பொறுப்பை மக்கள் தலையில் கட்டாமல் விட்டதுதான். இரு மொழியிலும் சேவை உண்டு என்பதை அலுவலகமே முதலில் தெரியப்படுத்த வேண்டும். கியூபெக் எல்லையில் இருக்கும் கேம்பெல்டனில் போலீஸ்காரர் உங்கள் காரை நிறுத்துகிறார் என்று வையுங்கள். எந்த மொழியில் பேச விருப்பம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதை அவர் சொல்லியாக வேண்டும். அந்த மொழி அவருக்கு வராதா? நியாயமான நேரத்துக்குள் அது தெரிந்தவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அபராதச் சீட்டை நீட்டும் அதிகாரி முன்னால் தயங்கி நிற்பவருக்கு இது எவ்வளவு பெரிய துணை!

நீதிமன்றத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த மொழி, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே நீதிபதிக்குப் புரிய வேண்டும்.

உள்ளாட்சியில் கொஞ்சம் வேறு மாதிரி. இரண்டு ஆட்சிமொழிகளில் அந்த ஊரில் சிறுபான்மையாக உள்ள மொழியைப் பேசுவோர் குறைந்தது 20% இருந்தால்தான் அந்த ஊராட்சிக்கு இந்தக் கடமை. நகரத் (city) தகுதி பெற்றவற்றுக்கு இந்த 20% கணக்கு கிடையாது, எப்படியும் கடமை உண்டு. பிரெஞ்சு பேசுவோர் குறைவாக உள்ள செயின்ட் ஜான் நகரமும் செய்தாக வேண்டும். தனியார் கடை, ஓட்டல் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியே.

சரி, மறுத்தால்? ஆட்சிமொழி ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் விசாரித்துப் பரிந்துரை செய்வார். அதில் திருப்தி இல்லையென்றால், அப்புறம் நீதிமன்றத்துக்குப் போகலாம்.