பழங்காலச் சின்னம் பக்கத்துல வீடா? சுவத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா. பழைய கோயில் மதில் ஓரமா நடந்தா அவங்க வீட்டு திண்ணை வந்துடும், அவ்ளோ பக்கம். கைமரம் பூரா கரையான் அரிச்சு ஓடு தொங்கிட்டு இருந்துச்சு, மழைன்னா கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துட்டே விடிஞ்சிடும். பையன் லோன் போட்டு ஓட்டை பிரிச்சான், மேஸ்திரி "பின் சுவரும் உப்பிப் போயிருக்கு தம்பி, அதையும் தள்ளிடலாம்"னாரு, தள்ளிட்டாங்க. மூணாம் நாள் தொல்லியல் துறையில இருந்து நோட்டீஸ். அப்புறம் மனு போட்டா, ரிப்பேர்னு கேக்கறீங்க, ரிப்பேர் பண்ண அங்க வீடு எங்க இருக்குங்கறாங்க. ஒரு மழைக்காலம் முழுக்க தார்ப்பாய்க்கு அடியில ஓடிடுச்சு.

சட்டம் இவ்ளோதான். மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கற சின்னங்கள் நாடு முழுக்க 3,600க்கு மேல, தமிழ்நாட்டுல மட்டும் 400க்கு மேல. பழங்காலச் சின்னங்களுக்கான 1958 சட்டத்தை 2010ல திருத்தினாங்க. அதன்படி ஒவ்வொரு சின்னத்தோட எல்லையில இருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் நூறுல புதுசா எதுவும் கட்டக்கூடாது, அடுத்த இருநூறுல அனுமதி வாங்கி கட்டலாம். மீறினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட வரலாம்.

முதல்ல உங்க பக்கத்துல இருக்கறது யாரோடதுன்னு பாருங்க. இங்கதான் பாதி பேர் தப்பான ஆஃபீஸ் வாசல்ல நாள் கணக்கா நிக்கறாங்க. தஞ்சாவூர் பெரிய கோயில், தாராசுரம், மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை எல்லாம் மத்திய துறை. மதுரை திருமலை நாயக்கர் மகால், தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை மாநில துறை, அதுக்கு 1966ல வந்த தனி சட்டம். வெறும் அறநிலையத்துறை கோயில்னா அது வேற கதை. பூஜையை அறநிலையத்துறை பார்த்துக்கும், கல்லு மத்திய துறையோடதா இருக்கும், அதனால குருக்கள் சொன்னாரு, ஈஓ (கோயில் செயல் அலுவலர்) சொன்னாருன்னு நம்பிடாதீங்க. வாசல்ல நீலக் கலர் போர்டு இருக்கும், அதுல எந்தச் சட்டம்னு எழுதியிருக்கறதை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அப்புறம் இன்னொண்ணு, மத்திய தொல்லியல் துறைல 2020ல திருச்சிக்கு தனி வட்டம், அதாவது தனி மண்டல ஆஃபீஸ், வந்துடுச்சு, பழக்கத்துல எல்லாத்தையும் சென்னைக்கே அனுப்பிட்டு பதில் வரலன்னு உக்காந்திருக்காதீங்க.

அடுத்தது தூரம். கோபுரத்துல இருந்து டேப் பிடிச்சு "நூத்தி இருபது மீட்டர் வருது, நாம தப்பிச்சோம்"னு ஒருத்தர் அஸ்திவாரமே போட்டுட்டாரு. பாதுகாக்கப்பட்ட எல்லைங்கறது சர்வே நம்பரை வச்சு வர்றது, மதிலுக்கு வெளியில இருக்கற காலி இடமும் குளமும் கூட அதுல சேர்ந்திருக்கலாம். தொல்லியல் துறை ஆபீஸ்ல எழுத்துல கேட்டு எழுத்துல வாங்குங்க, வாய்ல சொல்ற மீட்டருக்கு மதிப்பு இல்ல.

இப்ப உண்மையான கண்ணி. நூறு மீட்டருக்குள்ள இருக்கற வீட்டை ரிப்பேர் பண்ண அனுமதி கேக்கலாம், ஆனா அந்த வீடு 16.06.1992க்கு முன்னாடியே இருந்திருக்கணும், இல்ல அதுக்கப்புறம் முறைப்படி அனுமதி வாங்கி கட்டினதா இருக்கணும். நிலத்துக்கு பட்டா இருக்குன்னு நீட்டுவீங்க, பட்டா நிலம் உங்களோடதுன்னு சொல்லும், அதுல 1992ல வீடு நின்னுச்சான்னு சொல்லாது. அதைச் சொல்றது பழைய வீட்டு வரி ரசீது, ஈபி கார்டு, "ஓட்டு வீடு உள்பட"ன்னு விவரம் எழுதியிருக்கற பழைய பத்திரம். பெரியம்மா தன்னோட கல்யாண போட்டோவைக் கொண்டு போனாங்க, பின்னாடி அதே திண்ணை, அதே ஓடு, ஆனா போட்டோல தேதி இல்லன்னு திருப்பிட்டாங்க.

அப்புறம் வார்த்தை. சட்டத்துல கட்டுமானம், மறுகட்டுமானம், பழுதுபார்ப்பு மூணும் வேற வேற. இருக்கற கட்டடத்துல மாத்தம் பண்ணா பழுதுபார்ப்பு, இடிச்சுட்டு அதே அளவுல எழுப்பினா மறுகட்டுமானம். நூறு மீட்டருக்குள்ள பழுதுபார்ப்புக்கு மட்டும்தான் வழி. மனுல "பழைய வீட்டை இடித்துவிட்டு"ன்னு மரியாதையா எழுதினீங்கன்னா கதை அங்கயே முடிஞ்சது. இன்னும் கேளுங்க, பொதுக் கழிப்பறை, பொதுச் சாக்கடை வேலையெல்லாம் கட்டுமானம்ங்கற வரையறைக்குள்ளயே வராதாம், நம்ம கொல்லைல புதுசா ஒரு பாத்ரூம் எழுப்பினா வருமாம். ரோடு, பாலம்னு அரசாங்கத்தோட சொந்த வேலைக்கே இந்த நூறு மீட்டர் தடை இடைஞ்சலானதும் 2018 ஜனவரில லோக்சபால திருத்தமே நிறைவேத்திட்டாங்க, ராஜ்யசபால அது நின்னுடுச்சு. கரையான் அரிச்ச வீட்டுக்காரங்களுக்கு அந்த அவசரத்தை யாரும் காட்டல.

"எதிர் வீட்டுக்காரன் மட்டும் ரெண்டு மாடி கட்டியிருக்கானே"ன்னு கேக்காதீங்க, அவர் 2010க்கு முன்னாடி அனுமதி வாங்கியிருக்கலாம், இல்ல அவருக்கும் நோட்டீஸ் வந்து கேஸ் ஓடிட்டு இருக்கலாம், ரெண்டுமே உங்களுக்கு உதவாது. பஞ்சாயத்துல பிளான் அப்ரூவல் கிடைச்சுடுச்சு, பேங்க் லோன் குடுத்துடுச்சுங்கறதும் பாதுகாப்பு இல்ல. மனை வாங்கறவங்களும் கவனிங்க, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் பதிவாகிடும், அங்க கட்ட முடியுமான்னு பார்க்கறது அவங்க வேலை இல்ல.

மனு போறது மாநிலத்துக்குன்னு இருக்கற தகுதிவாய்ந்த அதிகாரிக்கு, அவர் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்புவாரு. அவருக்கு 15 நாள், ஆணையத்துக்கு 2 மாசம், திரும்பி வந்ததும் உங்களுக்குச் சொல்ல 1 மாசம், இது சட்டத்துலயே இருக்கு. நடைமுறைல ஏதாவது ஒரு பேப்பர் சரியில்லன்னு கேள்வி கேட்டுட்டு கம்முனு இருந்துடுவாங்க, ஆன்லைன்ல போட்ட மனுன்னா அந்தக் கேள்வி ஸ்க்ரீன்லயே கிடக்கும், நாம போன் வரும்னு காத்திருப்போம். வாரத்துக்கு ஒரு தடவை நீங்களே உள்ள போய் பாருங்க, கம்ப்யூட்டர் சென்டர் காரர் நம்பரையும் மெயிலையும் குடுத்து பதிவு பண்ணிடாதீங்க, அவர் கடையை காலி பண்ணிட்டு போனா உங்க ஃபைலும் போச்சு.

மனுல உயரம் எழுதறப்போ தளம் வரைக்கும் கணக்கு போட்டு நிறுத்திடாதீங்க, கைப்பிடிச் சுவர், மாடிப்படி ரூம், தண்ணி டேங்க் எல்லாம் சேர்த்துதான் உயரம். அனுமதி வந்தப்புறம் டேங்க் வச்சு மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. பட்டா இறந்துபோன அப்பா பேர்ல இருந்தா முதல்ல அதை மாத்துங்க, இல்லன்னா நாலு மாசம் கழிச்சு அதைக் கேப்பாங்க. மறுக்கறதா இருந்தா உங்க தரப்பைக் கேட்டுட்டுதான் மறுக்கணும், அந்த வாய்ப்பை எழுத்துல கேளுங்க. கெடு தாண்டியும் சத்தமே இல்லன்னா 10 ரூபா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, "என் ஃபைல் எந்த தேதில யார் டேபிள்ல இருந்துச்சு"ன்னு மட்டும் கேளுங்க, நிறைய ஃபைல் அந்த ஒரு கேள்விக்கே நகருது. "டெல்லில ஆள் இருக்கு"ன்னு வர்ற புரோக்கர் செய்யறதும் அதே ஆன்லைன் மனுதான்.

ஓட்டைத் தொடறதுக்கு முன்னாடி நாலு பக்கமும், உள்ளயும், கூரையும் தேதியோட போட்டோ எடுங்க, தளர்ந்த சுவரா இருந்தாலும் முட்டு குடுத்து நிறுத்துங்க, தள்ளாதீங்க.

பெரியம்மா வீட்டு டிரங்க் பெட்டில, புடவைக்கு அடியில, பெரியப்பா மடிச்சு வச்சிருந்த 1986 வீட்டு வரி ரசீது கிடைச்சுது. அதை வச்சு, மத்த மூணு சுவரும் நிக்குதுன்னு போட்டோவோட மறுபடி மனு போட்டிருக்கோம். பதினஞ்சு நாள் கெடு வர்ற வியாழக்கிழமை முடியுது, ஆர்டிஐ இப்பவே டைப் அடிச்சு வச்சாச்சு.