மழைமானிகளுக்கு நடுவே பெய்த மழை எவ்வளவு?

ஜூரோங்கில் கொட்டித் தீர்க்கும்போது சாங்கியில் வெயில் காய்வது சிங்கப்பூரில் வாடிக்கை. தீவெங்கும் உள்ள மழைமானிகளின் அளவீடுகள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்துக்கு வந்துவிடுகின்றன. ஆனால் மானி அளப்பது அது நிற்கும் இடத்து மழையை மட்டும்தான். நடுவில் உள்ள இடங்களுக்கு மதிப்பைக் கணக்கிட்டு, தீவு முழுவதையும் சிறு கட்டங்களால் நிரப்பி ராஸ்டர், அதாவது கட்டத்துக்கு ஒரு மதிப்பு கொண்ட படம், ஆக்குவதே இடைக்கணிப்பு.

எளிய முறை ஐடிடபிள்யூ (IDW), அதாவது தொலைவுக்கு நேர்மாறாக எடை போடும் முறை. கிட்டே உள்ள மானிக்கு எடை அதிகம், எட்ட உள்ளதற்குக் குறைவு. வழக்கமாக 1-ஐத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது எடை. ஒரு கட்டத்திலிருந்து 1, 2, 4 கிலோமீட்டரில் மூன்று மானிகள், அவற்றில் 40, 10, 0 மி.மீ. மழை என்று வைத்துக்கொள்வோம். எடைகள் 1, 0.25, 0.0625. மழையை எடையால் பெருக்கிக் கூட்டினால் 42.5, எடைகளின் கூட்டுத்தொகை 1.3125. வகுத்தால் 32.4 மி.மீ. தொலைவின் அடுக்கை 2-இலிருந்து (வர்க்கம்) 1 ஆக்கினால் அதே கட்டத்தில் 25.7 மி.மீ.தான். தரவில் கை வைக்காமலே கிட்டத்தட்ட 7 மி.மீ. மாயம்!

கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் முதலில் மானிகளின் இடமும் மழையளவும் உள்ள சிஎஸ்வி (CSV) அட்டவணைக் கோப்பை ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை (103.8 வாக்கில்), ஒய் என்பது அட்சரேகை (1.3 வாக்கில்). பிறகு அப்படி ஏற்றிய தரவை, அதாவது லேயரை, சிங்கப்பூரின் ஆயத்தொலைவு முறையான எஸ்விஒய்21-க்கு (SVY21; மென்பொருளில் அதன் குறியீடு இபிஎஸ்ஜி 3414) மாற்றிச் சேமிக்க வேண்டும். அப்போதுதான் தொலைவு மீட்டரில் வரும். ஐடிடபிள்யூ கருவியில் லேயரையும் மழைப் பத்தியையும் தேர்ந்தெடுத்தால் போதாது, பச்சைக் கூட்டல் பொத்தானை அழுத்திப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மழைப் பத்தி எழுத்தாகப் பதிவாகியிருந்தால் தேர்வுப் பட்டியலிலேயே தென்படாது.

பலர் சறுக்குவது கட்ட அளவில். பெட்டியில் 0.1 என்று இருப்பதை அப்படியே விட்டால், மீட்டர் கணக்கில் ஒரு கட்டம் 10 சென்டிமீட்டர். சுமார் 50 கி.மீ. நீளமும் 27 கி.மீ. அகலமும் கொண்ட தீவுக்கு 13,500 கோடிக் கட்டங்கள்! கணினி திணறிவிடும். லேயர் பாகையிலேயே இருந்தாலோ 0.1 என்பது 11 கி.மீ.; தீவு பதினைந்து கட்டங்களுக்குள் அடங்கிப்போகும். 100 மீட்டர் போதும், 1.35 லட்சம் கட்டங்களில் வேலை முடியும். பிறகு கரையோர எல்லையால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் கூசாமல் பக்கத்து மலேசிய மாநிலமான ஜொகூருக்கும் சேர்த்து நிறம் பூசிவிடும்.

அளவீடு வராத மானிக்கு யாரோ 0 போட்டு வைத்திருந்தால் அதைச் சுற்றிப் பொய்யான வறட்சி வட்டம் தோன்றும். அந்த வரியை நீக்குவதே சரி. நல்ல மானியைச் சுற்றியும் வட்டங்கள் வரும், அது இந்த முறையின் இயல்பு. இன்னொன்று: ஐடிடபிள்யூ அளந்த உச்சத்தைத் தாண்டவே தாண்டாது. இரு மானிகளுக்கு நடுவே கொட்டிய பெருமழை படத்தில் ஏறாது.

படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்க்க, ஒரு மானியை விலக்கிவிட்டு மீண்டும் ஓட்டி, அந்த இடத்தில் வந்த மதிப்பை அது உண்மையில் அளந்ததோடு ஒப்பிடுங்கள். எல்லா மானிகளுக்கும் இப்படிச் செய்து, வித்தியாசம் எந்த அடுக்குக்குக் குறைவோ அதை வைத்துக்கொள்ளலாம். மாத மொத்தத்தில் இந்த வித்தியாசம் மழையளவோடு ஒப்பிடும்போது பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். அரை மணி நேர இடிமழைக்கு அப்படியல்ல. அதற்கு மானிகளை மட்டும் நம்பாமல் ரேடார் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.